உறுதியில்லாக் குடிகளும் உரிமை பேசும் கட்சிகளும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தலொன்று வடமாகாணத்தை உலுக்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஏறக்குறைய 5,940 ஏக்கர் நிலம் அதிலே குறிக்கப்பட்டிருந்தது. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். கிளிநொச்சியில் 500 ஏக்கருக்கு மேல். மூன்று மாதங்களுக்குள் உரித்தை நாட்டத் தவறினால் அந்நிலம் அரசாங்கத்தைச் சேரும் என்பது அறிவித்தலின் சாரம். வீட்டோடு உறுதியும் எரிந்து போனவர் எத்தனை பேர்! உறுதியைச் சுமந்தவர் முள்ளிவாய்க்காலில் மாண்டுபோக, பிள்ளைகள் மட்டும் மீண்ட குடும்பங்கள் எத்தனை! இவர்களிடம் மூன்று மாதத் தவணையில் பத்திரம் கேட்பது நியாயமா என்று கட்சி பேதமின்றி யாவரும் கேட்டனர். வழக்கும் தொடரப்பட்டது. யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் பின்வாங்கியது.

இவ்வாறு தமிழ் மக்கள் ஒன்றுபட்டு நின்றமை போற்றத்தக்கதே. அதிற் குறை காண்பதற்கு நாம் இதனை எழுதவில்லை. எனினும் அம்மூன்று மாதங்களிலும் மேடைதோறும் ஒலித்த சொல் ஒன்றைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டியவர்களாயிருக்கின்றோம். 'உறுதி' என்பதே அச்சொல். எம் மூதாதையர் உறுதி, எம் தோம்பு, எம் பரம்பரைச் சொத்து என்று முழங்கினார்கள். நல்லது. உறுதி இருந்து தொலைத்தவர்களின் துயரம் பேசப்பட்டது. உறுதி என்பதை ஒரு நாளுமே கையிற் கண்டறியாத தமிழர்கள் இதே வன்னி மண்ணில் ஆயிரக்கணக்கான குடும்பங்களாய் வாழ்கின்றார்களே, அவர்களைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு வார்த்தை பேசப்பட்டதா? நாமறிந்தவரையில் இல்லை.

யார் இவர்கள்? கிளிநொச்சி நகரின் புறத்தே மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் முதலிய ஊர்களுக்குச் சென்று பார்ப்பவர்க்கு இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இத்தகைய ஊர்கள் பலவுண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த மக்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மூன்றாந் தலைமுறையும் இங்கே பிறந்து வளர்ந்துவிட்டது. ஆயினும் தாம் குடியிருக்கும் அரை ஏக்கருக்குப் பத்திரமில்லாத குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. தேர்தல் இடாப்பில் இவர்கள் பெயர் தவறாமல் இருக்கும். காணி இடாப்பில்தான் இராது.

இவர்கள் இங்கு வந்த வரலாற்றைச் சிறிது நினைவூட்டுதல் அவசியமாகின்றது. ஏனெனில் இவர்கள் தாமாகவே வந்து புகுந்த அத்துமீறியோர் என்ற பேச்சு எம்மவர் சிலரிடையே இன்றும் உலவுகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த சட்டங்களும் மலையகத் தமிழரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே கணக்குப் பார்த்துப் பங்கிட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று! அம்மக்களிடம் ஒரு சொற் கேட்டவர் எவருமிலர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1977 ஒகஸ்டில் வன்செயல் வெடித்தபோது லயங்கள் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் தமிழர் வாழும் நிலம் என்று நம்பி வன்னியை நாடி வந்தனர்.

அவர்களை வரவேற்றோரும் எம்மவரே. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் அவர்களும் வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு நடத்திய காந்தீயம் இயக்கம் கிணறு வெட்டிக் கொடுத்தது. குழந்தைகளுக்குப் பாலர் பாடசாலை அமைத்தது. காடு வெட்டிக் கமஞ்செய்யக் கற்பித்தது. அதற்குக் கிடைத்த கூலி யாது? 1983 ஏப்ரலில் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, ஈற்றிற் கிளிநொச்சிக்கே திரும்பி 2015இல் காலமானார். அவர் கண்மூடிய மாவட்டத்திலேயே, அவர் குடியமர்த்திய மக்களின் வழிவந்தோர் பத்திரமின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர்.

கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்களைக் கேட்டாலே எம்மவர் நெஞ்சு கனக்கும். 1977க்குப் பின் மலையக ஏதிலிகள் குடியமர்ந்த இடங்கள் அவை. 1984இல் அவர்கள் துரத்தப்பட்டு, சிறைக் கைதிகள் அங்கே குடியேற்றப்பட்டனர். பின்னர் மணலாறு வெலிஓயாவாயிற்று. எம் அரசியல்வாதிகள் இந்நிகழ்ச்சியைத் தமிழ் நிலம் பறிபோன கதையாகச் சொல்வர். அது உண்மையே. ஆயினும் அந்நிலத்திலிருந்து துரத்தப்பட்ட மனிதர் யார் என்று சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடுகின்றது. எல்லையைக் காக்க அவர்கள் வேண்டும்; எல்லைக்குள்ளே காணி கேட்டால் அவர்கள் 'தோட்டக்காட்டார்'. இந்த இழிசொல் படித்தோர் வாயிலிருந்தும் வரக் கேட்டு நாம் தலைகுனிந்ததுண்டு.

பத்திரமில்லாமை என்பது வெறும் கடதாசிக் குறைபாடன்று. யுத்தம் முடிந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து மக்கள் மீண்டு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. அதனைப் பெறுதற்குக் காணி வேண்டும். காணி தமதென்று காட்ட வேண்டும். பத்திரமுள்ளவர் கல்வீடு கட்டினார். அயலில், அதே குண்டு மழைக்குத் தப்பிய, அதே முகாமில் கஞ்சி குடித்த குடும்பம் தறப்பாளுக்குக் கீழே காத்திருந்தது. காட்டுவதற்குப் பத்திரமில்லாதவர் வங்கிக்குச் சென்றால் ஈடு வைக்க யாதுமில்லை. ஆகவே வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் கை நீட்டினர். கிழமைதோறும் தவணை. ஒரு கடனை அடைக்க மறு கடன். கடன்பட்டோருட் பெரும்பாலார் பெண்கள். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலை ஏற்பட்டதென்றால் நோயின் உக்கிரத்தை நாம் விளக்கவேண்டியதில்லை. ஆனால் நோயின் மூலம் கடன்காரனிடம் மட்டும் இருக்கவில்லை. காணிக் கந்தோரிலும் இருந்தது.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். குடியேற்றத் திட்டங்களெல்லாம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழி நடப்பவை. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனே உரித்தாளி என்ற ஒழுங்கு அச்சட்டத்தின் அட்டவணையில் நெடுங்காலம் இருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள்! போரிற் கணவனையும் பிள்ளைகளையும் இழந்து, தனித்து நின்று கமம் செய்யும் பெண்கள் நிறைந்த மாவட்டங்கள் எம்முடையவை. சட்டம் திருந்திவிட்டது. அதனைக் கச்சேரியிற் சென்று கேட்கலாம் என்பதை அப்பெண்களுக்கு யார் சென்று கூறினார்கள்? மாதர் சங்கங்கள் சில முயன்றன. கட்சிகளின் கிளைக் கந்தோர்களில் அது பற்றி ஒரு துண்டுப் பிரசுரத்தையும் நாம் கண்டிலோம்.

இனி நீரைப் பற்றி. கனகராயன் ஆற்றை மறித்து 1920ஆம் ஆண்டளவில் உருவான இரணைமடுக் குளமே கிளிநொச்சியின் உயிர். இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் அதனை நம்பியிருக்கின்றது. அதன் நீரில் நாளொன்றுக்கு 27,000 கனமீற்றரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வகுக்கப்பட்டபோது கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே போதாத குளத்தில் இன்னொரு குழாயா என்று அவர்கள் கேட்டதில் நியாயமிருந்தது. ஈற்றில் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஒகஸ்டிற் திறந்துவைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தானுக்கும் வன்னியானுக்கும் பகை மூட்டப் பார்த்தோர் ஏமாந்தனர். (இவ்விவகாரத்தில் இரு பக்கமும் நின்று பேசிய பிரமுகர்களும் உளர். அவர்களை இன்று விட்டுவிடுவோம்.)

ஆனால் அந்தப் பெரும் வாதத்தில் 'கிளிநொச்சிக் கமக்காரன்' எனப்பட்டவன் யார்? வாய்க்கால் நீருக்கு உரிமை வயற் பெமிற்றோடு வருவது. அரசாங்க அதிபர் தலைமையிற் கூடும் போகக் கூட்டத்தில், இவ்வருடம் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானிக்கும்போது கையுயர்த்துவோர் பெமிற்காரரும் அவர்தம் சங்கங்களுமே. வயலிலே சேற்றை மிதிப்பவரோ பல இடங்களில் வேறு மனிதர். பெமிற்காரர் சிலர் யாழ்ப்பாணத்தில், சிலர் கொழும்பில், சிலர் கனடாவில். வயல் போகத்துக்குப் போகம் குத்தகைக்குப் போகின்றது. குத்தகைச் செய்கையாளனிடம் எழுத்தில் யாதுமில்லை. ஏனெனில் அனுமதியின்றிக் குத்தகைக்கு விடுதலே சட்டப்படி குற்றம். மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கிய 2018 டிசெம்பரைப் போன்றதொரு காலத்தில் நட்டஈட்டுப் பதிவு எடுக்கப்படுமாயின், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கின்றதோ அவரே பயிரிட்டவராகின்றார். பயிரிழந்தவன் கடனோடு நிற்கின்றான்.

1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, உழுபவனுக்குக் குத்தகை நிலத்தில் நிலைபேறு வேண்டுமென்றார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சொல் வன்னி வயல்களுக்கு வந்து சேரவில்லை. வரவிடாது தடுத்தது சிங்கள அரசாங்கம் மட்டுமன்று என்பதையும் நாம் ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

இதனைப் படிக்கும் பெமிற்காரக் கமக்காரர் எம்மீது சினங்கொள்ளலாம். உங்கள் வயலைப் பறித்து மற்றவருக்குக் கொடு என்று நாம் கூறவில்லை. காட்டை வெட்டிக் காய்ச்சலோடு போராடி அந்த வயலை ஆக்கிய முதற் குடியேற்றக்காரரின் உழைப்பை எவரும் மறுக்கமாட்டார்கள். பத்திரமற்ற குடும்பங்களுட் பெரும்பாலானவை இருப்பது வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்திலே. அவர்கள் முதலிற் கேட்பது குளத்து நீரையன்று. முப்பது நாற்பது ஆண்டு குடியிருந்த நிலத்துக்கு ஒரு பத்திரத்தை. அதனாற் பெமிற்காரருக்கு நேரும் நட்டம் என்ன?

"இப்போது இதையெல்லாம் கிளப்பினால் தமிழினம் பிளவுபடும், உரிமை கிடைத்தபின் உள்வீட்டு விவகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எமக்கு அடிக்கடி சொல்லப்படும் புத்திமதி. இதனைச் சொல்வோர் தம் கட்சி வரலாற்றையே மறந்தவர்கள். 1949 டிசெம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி எதனால் தோன்றிற்று? மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறிக்கும் அரசாங்கத்தோடு ஒத்துப்போக முடியாதென்று தமிழ்க் காங்கிரசிலிருந்து தந்தை செல்வாவும் அவர் தோழரும் வெளியேறியதனாலன்றோ! இன்று அவர்களைக் கைவிடு, நாளை உன் முறை வரும் என்பதே அவர் எச்சரிக்கையின் பொருள். அத்தகைய கட்சிக்கும் அதன் கிளைகளாய்ப் பிரிந்த கட்சிகளுக்கும், மலையகத் தமிழரின் காணி உள்வீட்டு விவகாரமாக எப்போது சுருங்கிற்று?

அரசாங்கத்தின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அரச காணியின் மீதான அதிகாரம் மத்தியிடமே உள்ளதென்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆந் திருத்தம் தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கக் கூறியது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன, அதனை எவரும் அமைத்தாரில்லை. போருக்குப் பின் வனத்திணைக்களம் வரைபடத்திற் பச்சைக்கோடு இழுத்து, மக்கள் முன்னே குடியிருந்த இடங்களையும் கமஞ்செய்த இடங்களையும் ஒதுக்குக் காடுகளாக்கியது. பிரதேச செயலர் பெமிற் கொடுக்க விரும்பினாலும் வனத்திணைக்களத்தார் இசைய மாட்டார். நிலமில்லை என்று கச்சேரியில் விடை வரும். வெலிஓயாவுக்கு நிலமிருந்தது! படைமுகாம்களுக்கு நிலமிருந்தது! கேப்பாப்பிலவுப் பெண்கள் 2017இல் வீதியோரத்தில் ஒரு மாதம் மழையிலும் வெயிலிலும் அமர்ந்த பின்னரே பிலவுக்குடியிருப்பில் ஒரு பகுதி நிலம் திரும்பியது. இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலிற் படகேறித் தாமே தம் தீவிற் சென்றிறங்கினர். கட்சிக் கட்டளைக்குக் காத்திராது மக்கள் தாமே நின்று வென்ற போராட்டங்கள் இவை. அவர்கள் பின்னால் நாடே நின்றது. சாந்தபுரத்தான் பத்திரம் கேட்டு வீதியில் இருந்தால் அவன் பின்னால் யார் நிற்பார்?

வாக்காளர் இதையெல்லாம் கவனியாதிருக்கவில்லை. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணம், வன்னி ஆகிய இரு தேர்தல் மாவட்டங்களிலும் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. எம் தலைவர்கள் திகைத்துப்போயினர். பணம் என்றனர், மாயை என்றனர், இளைஞரின் அறியாமை என்றனர். தம் பக்கத்துக் குறையென்று சொன்னவர் மிகச் சிலர். ஆறு மாதம் கழித்து, 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழ்க் கட்சிகளுக்கு மக்கள் மீண்டும் ஒரு வாய்ப்பளித்தனர். அத்தேர்தலும் எளிதில் வந்ததன்று. 2023இற் பணமில்லையென்று பின்போடப்பட்டு, அது மக்களின் அடிப்படை உரிமை மீறலென்று 2024 ஒகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புரைத்த பின்னரே வந்தது. 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்த வடமாகாண சபைக்கோ அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. ஆகவே எம்மவர் கைக்கு வந்த அதிகாரம் இந்தப் பிரதேச சபைகளே. சிறிய அதிகாரந்தான். காணி வழங்கும் உரிமை அவற்றுக்கு இல்லை என்பதும் நாமறிந்ததே.

ஆனால் இல்லாத அதிகாரத்தைச் சொல்லி, இருக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கரைச்சிப் பிரதேச சபை வட்டாரம் வட்டாரமாக, பத்திரமில்லாத குடும்பம் எத்தனை, எந்த ஆண்டிலிருந்து, எந்த நிலத்தில், யார் பெயர் கூறிக் குடியமர்த்தப்பட்டது என்று ஓரேட்டில் எழுத எச்சட்டம் தடுக்கின்றது? புதுக்குடியிருப்பும் துணுக்காயும் வவுனியா வடக்கும் இவ்வாறே செய்யலாம். சபையின் முத்திரையோடு அந்த ஏடு பிரதேச செயலரின் மேசைக்குச் சென்றால், 'அத்தகையோர் விபரம் எம்மிடமில்லை' என்ற விடை அன்றே செத்துவிடும். ஊரிலேயே காணிக் கச்சேரி வைக்கும்படி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வனத்திணைக்களத்தின் வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொல்லிப் பாராளுமன்ற அங்கத்தவர் கேட்கலாம். இவற்றில் எதற்கும் சமஷ்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படித்த வகுப்பாரிடமும் எமக்கு ஒரு கேள்வி உண்டு. வர்த்தமானி வந்தபோது சட்டத்தரணிகள் ஊர் ஊராகச் சென்று இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அது பெருஞ் சேவை. அதே சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாரதிபுரத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் இருந்தால் என்ன? கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியர், எல்லை பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர், கந்தோர் நடைமுறை அறிந்த இளைப்பாறிய எழுதுவினைஞர் எத்தனையோ பேர் எம்மிடையே இருக்கின்றார்கள். மனுவொன்று எந்த மேசையிற் போய் உறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மனுக் கொடுத்தவனுக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக ஒரே மனுவைத் திகதி மாற்றி மாற்றிக் கொடுத்து வருவோரை நாம் அறிவோம்.

கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சிறுபோகக் கூட்டம் கூடும்போது, பங்கு பிரிக்குமுன், சென்ற போகத்தில் அந்தந்த வாய்க்காலில் உண்மையிற் பயிரிட்டவர் யார் யார் என்று ஒரு பட்டியலை வாசிக்கும்படி அரசாங்க அதிபரிடம் கேளுங்கள். நட்டஈட்டுப் படிவத்தில் அப்பெயர்களுக்கு ஒரு நிரல் சேர்க்கும்படியும் கேளுங்கள். பெமிற்காரர் பெயர் பெமிற்காரர் பெயராகவே இருக்கட்டும்; உழுதவன் பெயரும் அதன் பக்கத்தில் எழுதப்படட்டும். இதை மறுப்பவர் எழுந்து நின்று காரணம் கூறட்டும்; கூட்ட அறிக்கையில் அது பதியப்படட்டும்.